பேட்டுக்கு ஒரு ஃபைல்

டிசம்பர் முதல் வாரம். டெல்லிக் குளிர் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைய ஆரம்பித்திருந்தது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீக்காகக் காத்திருந்தேன். அந்த வீட்டில் டீ போட வேண்டியவனே நான்தான் என்பது வேறு விஷயம். ஆபீஸிலிருந்து வந்த என் மனைவி, ஷூவைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே போனை என்னிடம் நீட்டினாள்.

"படிங்க."

படித்தேன். ஒரு விளையாட்டுப் பொருள் கம்பெனியிடமிருந்து வந்த இமெயில். ஆங்கிலத்தில் நாலே வரி. நீங்கள் அனுப்பிய பேட்மிண்டன் பேட்டைப் பரிசோதித்தோம். வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தியதால் – ‘மிஸ்யூஸ்’ என்பது அவர்கள் வார்த்தை – உடைந்திருக்கிறது. மேலும், விரிசலின்மேல் சிவப்பு பெயிண்ட் அடித்து அதை மறைக்க முயற்சி நடந்திருக்கிறது. ஆகவே வாரன்டி செல்லாது. நன்றி. உங்கள் நாள் இனிதாக அமையட்டும்!

நாள் இனிதாக அமையுமா, சொல்லுங்கள்?

"பெயிண்ட்டா? நாம எங்க பெயிண்ட் அடிச்சோம்?" என்றேன்.

"குங்குமம்ங்க!" என்றாள் வசந்தி. குரலில் அழுகையா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

வசந்தி மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வயது ஐம்பத்து மூன்று. திருச்சிக்காரி. கல்யாணமாகி டெல்லிக்கு வந்த நாளிலிருந்து கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எனக்கு இருப்பது மூன்று வேலைகள். டீ போடுவது, வாராவாரம் உங்களிடம் இப்படிப் பேசுவது, வசந்தி விளையாடும்போது ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டுவது.

ஏழு வருடம் முன்னால் டாக்டர் அவளிடம் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார். இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் நின்றுவிட்டாள். "நடந்தா எங்கயாவது போய்ச் சேரணும்ல? சுத்திச் சுத்தி அதே கேட்டுக்கு வர்றதுக்கு எதுக்குங்க நடக்கணும்?" என்று கேட்டாள். உங்களுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

அவள் ஆபீஸில் ஊழியர்களுக்காக ஒரு பேட்மிண்டன் ஹால் உண்டு. பக்கத்து செக்‌ஷன் ஹர்ப்ரீத் கௌர் ஒருநாள் சாயங்காலம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பேட்டைக் கையில் கொடுத்துவிட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பத்து நிமிடம் ஆடியிருக்கிறாள். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. அன்றைக்குச் சப்பாத்தி நான் போட்டேன். எந்த மாநிலத்தின் வரைபடம் என்று ஹர்ப்ரீத் போனில் போட்டோ பார்த்துக் கேட்டார்.

ஆனால் அதற்கு மறுநாள் அவள் மறுபடி போனாள். அதற்கு மறுநாளும். ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். சர்க்கரை இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் இரட்டையர் பிரிவில் அவளும் ஹர்ப்ரீத்தும்தான் அவர்கள் அமைச்சகத்தின் ஜோடி. ஜனவரியில் அமைச்சகங்களுக்கு இடையே போட்டி நடக்கும். போன முறை முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டார்கள். இந்த முறை விடக்கூடாது என்று இரண்டு பேரும் செப்டம்பரிலேயே சபதம் போட்டார்கள்.

அதனால்தான் கல்யாண நாளுக்கு நான் ஒரு நல்ல பேட் வாங்கிக் கொடுத்தேன். ராக்கெட் என்று சொல்ல வேண்டும் என்பாள் அவள். எனக்கு அது பேட்தான். கரோல் பாகில் ஒரு கடையில், அவளே நாலைந்தை வீசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கையில் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசு. கடைக்காரரே நரம்பு பின்னிக் கொடுத்து, மூன்று மாத வாரன்டி என்று பில்லில் சீல் குத்தினார்.

வாங்கி இரண்டாம் நாள் ஆயுத பூஜை.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? நம் வீடுகளில் புதுப் பொருளைப் பூஜைக்கு முன்னால் தொட்டு உபயோகிப்போமா? என் லேப்டாப், ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மணை, மிக்ஸி, இந்தப் பத்தி எழுதுகிற பேனா... எல்லாவற்றோடும் பேட்டும் வரிசையில் உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பேட்டில் எங்கே பொட்டு வைப்பது? நரம்பில் வைக்க முடியாது. கைப்பிடியில் வைத்தால் அழிந்துவிடும். தலையும் தண்டும் சேருகிற இடத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே வைத்தாள்.

போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதுவும் ஒரு சடங்குதானே இப்போது?

விஜயதசமியன்று முதல் ஆட்டம். பதினெட்டாம் நாள் உடைந்தது.

அன்றைக்கு நானும் ஹாலில் இருந்தேன். அவள் எதன்மீதும் மோதவில்லை. கீழே போடவில்லை. ஹர்ப்ரீத்தின் பேட்டோடு உரசவும் இல்லை. சாதாரணமாக ஒரு பந்தை மேலிருந்து அடித்தாள், அவ்வளவுதான். டக் என்று ஒரு சத்தம். பந்து அந்தப் பக்கம் போனது. பேட்டின் தலை இந்தப் பக்கம் சாய்ந்தது. சரியாக அந்தப் பொட்டு இருந்த இடத்தில்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஹோ ஜாயேகா, மேடம். பந்த்ரா தின்" என்றார். ஆகிவிடும், பதினைந்து நாள். டெல்லியில் முப்பது வருடம் இருந்தும் அந்தப் பதினைந்து நாளை நான் நம்பினேன் பாருங்கள்... என்னை என்ன சொல்வது?

பேட் ஓக்லாவில் இருக்கிற கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனது. அதன்பிறகு எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு டிக்கெட் நம்பர். வாரத்துக்கு இரண்டு முறை வசந்தி கஸ்டமர் கேருக்குப் போன் செய்வாள். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல், எல்லாம் தேன் மாதிரி. உங்கள் சிரமம் புரிகிறது மேடம். சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் மேடம். பரிசீலனையில் இருக்கிறது மேடம்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஏங்க, இதெல்லாம் எங்க செக்‌ஷன்ல நாங்க எழுதுற வாக்கியம்ங்க. பரிசீலனைல இருக்குன்னா என்ன அர்த்தம் தெரியுமா? இன்னும் கட்டே பிரிக்கலைன்னு அர்த்தம்."

ஒரு மாதம் தாண்டியதும் சிரிப்பு நின்றது. ஒருநாள் போனை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். "எழுதுறப்ப இது இவ்வளவு எரியும்னு தெரியலைங்க" என்றாள். நான் டீயை நீட்டினேன்.

நடுவில் நான் சொல்லித்தான் பார்த்தேன். "விடு வசந்தி. இன்னொண்ணு வாங்கிடலாம். போட்டி வருதுல்ல?"

நான் அப்படிப்பட்ட ஆள். ஹோட்டலில் சாம்பார் கேட்டு ரசம் வந்தால் ரசத்தையே சாப்பிட்டுவிட்டு வருகிறவன். உங்களிலும் பாதிப் பேர் என் கட்சியாகத்தான் இருப்பீர்கள். இந்த வாரன்டி வியாபாரமே நம்மை நம்பித்தான் நடக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மாற்றித் தர மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. தருகிறோம், தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். ஒருநாள் நாமே களைத்துப்போய்ப் போன் செய்வதை நிறுத்திவிடுவோம். வாடிக்கையாளர் திருப்தியடைந்தார் என்று அங்கே யாரோ எழுதிக்கொள்வார்கள்.

வசந்தி களைக்கவில்லை. ஹர்ப்ரீத்தின் பழைய பேட் ஒன்றை வாங்கிப் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டு, போன் செய்துகொண்டே இருந்தாள்.

அந்த நிலைமையில்தான் இந்த இமெயில்.

அன்றைக்கு டீ குடித்து முடித்த பிறகும் நான் அதையே சொன்னேன். "முடிஞ்சது. செல்லாதுன்னுட்டான். நாளைக்கே போய் இன்னொண்ணு வாங்கிடலாம்."

"இனிமே இது பேட் பிரச்சினை இல்லைங்க. ரிமார்க் பிரச்சினை" என்றாள்.

"என்ன ரிமார்க்?"

"இருபத்தொம்பது வருஷம் சர்வீஸ். என் ரிப்போர்ட்ல ஒரு வருஷம்கூட ஒரு அட்வர்ஸ் ரிமார்க் கிடையாது. இப்ப அவங்க கம்ப்யூட்டர்ல என் பேருக்கு நேரா என்ன இருக்கு? மிஸ்யூஸ். ஒடைச்சிட்டு, பெயிண்ட் அடிச்சு மறைச்சு, புதுசு கேக்குறவ. அதை யாருங்க எடுப்பா?"

நான் சிரித்துவிட்டேன். ஒரு பேட் கம்பெனியின் கம்ப்யூட்டரில் என்ன எழுதியிருந்தால் என்ன? அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

சிரித்திருக்கக் கூடாது. அவள் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு புது அட்டை ஃபைலை எடுத்து வந்தாள்.

அரசாங்க ஊழியர்களைப் பற்றி நாம் ஆயிரம் ஜோக் அடிப்போம். ஆனால் ஒரு செக்‌ஷன் ஆபீசர் ஒரு ஃபைலைத் திறக்கிற அழகை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வலது பக்கம் கடிதங்கள், தேதி வரிசையில், பக்க எண்ணோடு. இடது பக்கம் குறிப்புத் தாள். அட்டையில் பொருள்: பேட்மிண்டன் ராக்கெட் – தவறான ரிமார்க்கை நீக்குதல் – தொடர்பாக. மாற்றுப் பேட் தருவது அதில் இரண்டாவது வரியில்தான் இருந்தது. ஆபீஸில் இப்போது எல்லாமே கம்ப்யூட்டர். டேக் கோத்து, முடிச்சுப் போட்டு ரொம்ப நாளாயிற்று போல. அந்த முடிச்சைப் போடும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

குறிப்பெழுதி என் பார்வைக்கும் அனுப்பினாள். சோபாவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. நான் படிக்காமல் ஓரத்தில் ஒரு கிறுக்கல் போட்டேன்.

"படிக்காம இனிஷியல் போடுறவங்களாலதான் நாடு இப்படி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். படித்துவிட்டு மறுபடி போட்டேன்.

முதல் கடிதத்தில் குங்குமம் என்றால் என்ன என்று விளக்கியிருந்தாள். எங்கள் வழக்கப்படி புதிய கருவிகளுக்கு வைக்கப்படுவது, தண்ணீரில் கழுவினால் போகக்கூடியது, பேட்டின் பலத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, எதிலும் மோதாமலே உடைந்ததால் விரிசல் முன்பே இருந்திருக்க வேண்டும் – இப்படி. ஐந்து நாள் கழித்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. முதல் நினைவூட்டல் போனது. பதில் இல்லை. இரண்டாவது நினைவூட்டலுக்கு ஒருவழியாக மனிதர் எழுதியது மாதிரி ஒரு பதில். பேட்டை உபயோகிப்பதற்கு முன்பே விரிசல் இருந்தது என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டா?

எப்படி இருக்கிறது கதை? புது பேட் வாங்குகிறவர் யாராவது, இது உடைந்துதான் வந்திருக்கிறது என்று அன்றைக்கே ஆதாரம் எடுத்து வைப்பாரா?

அதற்குள் ஜனவரி பிறந்துவிட்டது. போட்டிக்குப் பத்து நாள்.

விரிசலுக்கு இல்லாவிட்டாலும், அது பெயிண்ட் இல்லை என்பதற்காவது ஆதாரம் வைப்போம் என்று வசந்தி அந்தப் பூஜை போட்டோவைத் தேடினாள். எங்கள் குடும்பக் குழுவில் மூன்று மாதத்தைத் தாண்டிப் போவது சாதாரண வேலையா? தொண்ணூறு காலை வணக்கங்கள், முப்பது பிறந்தநாள் வாழ்த்துகள், முருங்கைக்கீரையின் மகிமைகள்... எல்லாம் தாண்டி, ஒரு ஞாயிறு மத்தியானம் கண்டுபிடித்தாள். அரிவாள்மணைக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் பேட். பளிச்சென்று பொட்டு.

அந்தப் போட்டோவுக்குக் கீழே என் அக்காவின் கமெண்ட்.

என் அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் இருக்கிறாள். தங்கமானவள். ஆனால் வசந்தி செய்கிற எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்கு மதியச் சாப்பாடு செரிக்காது. கொழுக்கட்டை போட்டோ போட்டால் மாவு வெந்திருக்காதே என்பாள். கோலம் போட்டால் ஒரு புள்ளி கூட என்பாள். அன்றைக்கு எழுதியிருந்தது இது: "ஏட்டி வசந்தி, பொட்டு வழிஞ்சுல்லா கெடக்கு. சந்தனத்தைக் கெட்டியா கொழைக்கப்பிடாதா?"

அன்றைக்கு அந்தக் கமெண்டைப் பார்த்துவிட்டு வசந்தி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அக்கா எழுதியதற்கு நான் என்ன செய்வேன்? ஆனால் தண்டனை வழக்கம்போல எனக்குத்தான்.

இப்போது மறுபடி அதைப் படித்தாள். படித்தவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"ஏங்க... இங்க வாங்க. ஜல்தி!"

போய்ப் பார்த்தேன். பொட்டிலிருந்து ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, குறுக்கே, ஃப்ரேமின் விளிம்பு வரை போயிருந்தது.

"வழிஞ்சா கீழ வழியணும்ல? இது ஏன் குறுக்கால போகுது?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனை வாங்கி நானும் இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். குங்குமம் வழியவில்லை. ஈரச் சந்தனத்தோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தப் பேட்டால் ஒரு பந்தைக்கூட அடிப்பதற்கு முன்னால்! அதைத் தேதியும் நேரமும் போட்டு எழுத்தில் பதிவு செய்திருப்பது யார்? என் அக்கா.

வசந்தி உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"மதினி, அன்னைக்கு பொட்டு வழிஞ்சிருக்குன்னு சொன்னீங்கல்ல? நீங்க சொன்னதுதான் சரி. உங்க கண்ணே கண்ணு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தோம். அப்புறம் அக்காவின் குரல் பயந்துபோய் வந்தது.

"ஏட்டி... ஒனக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா? தம்பி பக்கத்துல இருக்கானா?"

முப்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைக் கேட்டால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

போட்டி சனி, ஞாயிறு. அதற்கு முந்தின வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வசந்தி ஓக்லா கிளம்பினாள். ஃபைலோடு. நானும் போனேன், ஃபைல் தூக்க.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் சக்சேனா என்பவர். நாற்பது வயது இருக்கும். மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஃபைலைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வசந்தி ஒரு வார்த்தை உயர்த்திப் பேசவில்லை. பக்கம் ஒன்று, பில். பக்கம் மூன்று, உங்கள் கடிதம். பக்கம் பதினொன்று, போட்டோ, பெரிதாகப் பிரின்ட் எடுத்தது. பக்கம் பன்னிரண்டு, என் நாத்தனார் அன்றே எழுதிய குறிப்பு, இந்தி மொழிபெயர்ப்புடன். ஆமாம், மொழிபெயர்ப்பும் இணைத்திருந்தாள்! ‘சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்திருக்கக் கூடாதா’ என்பதுவரை.

சக்சேனா எங்கள் பேட்டை உள்ளேயிருந்து எடுத்துவரச் சொன்னார். உடைந்த முனையைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். வசந்தி இந்தியில், அண்ணா என்கிற அர்த்தத்தில் ‘பையா’ என்று கூப்பிட்டு, அமைதியாகச் சொன்னாள்: "பையா, வெளியில இருக்கிற செவப்பை விடுங்க. உள்ள பாருங்க. நான் ஒடைச்சிட்டு மேல பூசியிருந்தா, உள்ள பாதி தூரம் வரைக்கும் மட்டும் எப்படி செவப்பா இருக்கும்?"

அவர் பார்த்தார். உடைந்த முகத்தில் பாதி சிவப்பு, பழைய விரிசல். மீதி கறுப்பு, அன்றைக்கு உடைந்தது. சிவப்பு முடிகிற இடம் கோடு போட்டது மாதிரி தெரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு, "அச்சா" என்றார். இந்தியில் அந்த ஒரு வார்த்தைக்கு இருபது அர்த்தம் உண்டு. இது, தப்பு எங்களுடையது என்கிற அர்த்தம்.

உடனே எழுந்து உள்ளே போய், கையில் ஒரு புதுப் பெட்டியோடு வந்தார். "மேடம், அதே மாடல் ஸ்டாக்கில் இல்லை. இது அதற்கு மேல் மாடல். இன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். சனிக்கிழமை மேட்ச் என்றீர்களே?"

என் கை தானாகப் பெட்டியை நோக்கி நீண்டது.

"லெட்டர்?" என்றாள் வசந்தி.

"என்ன லெட்டர், மேடம்?"

"மிஸ்யூஸ்னு எழுதினது தவறு, வாபஸ் வாங்குறோம்னு ஒரு லெட்டர். உங்க ரெக்கார்ட்லயும் மாத்தணும்."

சக்சேனா சிரித்தார். அதெல்லாம் தலைமை அலுவலகம் தர வேண்டும், பத்து நாளாவது ஆகும், லெட்டரை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், பேட்டைக் கொண்டுபோய் ஆடுங்கள் மேடம் என்றார். நியாயமான பேச்சு. நானாக இருந்தால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மெட்ரோவில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்திருப்பேன்.

வசந்தி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். ஆசையில்லாமல் இருக்குமா? ஏழு வருடம் ஆடியவள். இரண்டு நாளில் போட்டி. கையில் இருப்பது ஹர்ப்ரீத்தின் பழைய பேட், பிடி தேய்ந்து டேப் சுற்றியது.

"இப்ப இதை வாங்கிட்டுப் போனா, பாவம்னு குடுத்த மாதிரி ஆயிடும், பையா. ரெண்டையும் சேர்த்தே அனுப்புங்க" என்றாள். ஃபைலை மூடினாள். எழுந்துவிட்டாள்.

நான் யாருக்கும் தெரியாமல் அவள் காலை மிதித்துப் பார்த்தேன். பிரயோசனமில்லை, ஷூ போட்டிருந்தாள்.

மெட்ரோவில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு ஸ்டேஷன் போனது. "கோவமா?" என்றாள்.

"பின்ன? ஒரு காகிதத்துக்காக கைல வந்ததை விட்டுட்டு வர்ற."

"என் ஆபீஸ்ல எத்தனை பேரு வருவாங்க தெரியுமா? வேலை முடிஞ்சிடுச்சு, போங்கன்னாலும் போக மாட்டாங்க. எங்க மேல தப்பு இல்லைன்னு எழுதிக் குடுங்கம்பாங்க. இவங்களுக்கு என்ன பைத்தியமான்னு நெனச்சிருக்கேங்க." ஃபைலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "பைத்தியம் இல்லைங்க."

அதற்கு மேல் என் கோபத்துக்கு வேலை இருக்கவில்லை.

சனிக்கிழமை முதல் சுற்று. ஜெயித்தார்கள். அன்றைக்கே கால் இறுதி. அதுவும். ஞாயிறு காலை அரையிறுதியில் ஒரு கேமைத் தோற்றுவிட்டு அடுத்த இரண்டையும் எடுத்தார்கள். ஹர்ப்ரீத் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கத்துகிற கத்தலில் பக்கத்துக் கோர்ட்டில் ஆடியவர்கள் நின்று பார்த்தார்கள். வசந்தி கத்த மாட்டாள். பந்தை வலைக்கு ஒட்டி மெதுவாக இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி டேப்பைச் சரி செய்துகொள்வாள். எதிரில் இருப்பவர்கள் ஓடி வந்து, எட்டாமல் நின்றுவிடுவார்கள். டேப் சுற்றிய அந்தப் பேட்டில், என் மனைவி, ஐம்பத்து மூன்று வயதில்... எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

இறுதி ஆட்டம் மூன்றாவது கேம் வரை போனது. எதிர் ஜோடி கல்லூரி நாளிலிருந்து ஆடுகிறவர்கள். கடைசிப் பாயின்ட்டில் வசந்தி இறக்கிய பந்து வலையின் உச்சியில் பட்டது. ஒரு நொடி யோசித்தது. எங்கள் பக்கமே விழுந்தது.

இரண்டாம் இடம். சின்னக் கோப்பை.

வெளியே வரும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "அந்தப் புதுப் பேட் மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"பந்து பட்டது வலைலங்க. பேட்டுல ஒரு கொறையும் இல்ல" என்றாள். ஹர்ப்ரீத் அதற்குள் எங்கள் இருவரையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். தோற்றதற்கா, இறுதி வரை வந்ததற்கா என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் என்றார் சக்சேனா. பதினாறு நாள் ஆயிற்று. போன சனிக்கிழமை கூரியர் வந்தது. நீளமான பெட்டி ஒன்று. அதன்மேல் ஒட்டிய ஒரு கவர். வசந்தி பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு கவரைப் பிரித்தாள். நின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

உற்பத்திக் குறைபாடு என்று ஏற்றுக்கொள்கிறோம். வாடிக்கையாளர் தரப்பில் எந்தத் தவறான பயன்பாடும் இல்லை. முந்தைய குறிப்பு எங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வருந்துகிறோம்.

"எடுத்துட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு டீயை அவள் போட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. அதை அவள் சொல்லவில்லை, ஹர்ப்ரீத் சொன்னார். மனுக்களுக்கு வசந்தியின் செக்‌ஷனிலிருந்து போகிற பதில்களில் இப்போது ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வருவதில்லையாம். எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுதச் சொல்கிறாளாம். முடியாது என்றால் முடியாது என்றே எழுதச் சொல்கிறாளாம். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அந்தப் பேட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் கோப்பையைக் காட்டுவதில்லை. அந்தக் கடிதத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறாள்.

நான் அவளைக் காட்டுகிறேன்.